சங்கு ஊதினால் நிற்கிறவர்

எங்கள் கல்லூரி மைதானத்தில் கோடு போடுவது நான்தான். அந்த வேலைக்கு மார்க்கர் என்று பெயர். பெண்பிள்ளை என்பதால் கூட ஒரு அம்மாவைச் சேர்த்து மார்க்கரம்மா என்பார்கள். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அந்த வேலையில் இருந்தார். ஒருநாள் காலையில் நடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் உட்கார்ந்தார். மாரடைப்பு. அப்புறம் எழுந்திருக்கவில்லை. சில மாதம் கழித்து, கருணை அடிப்படையில் எனக்கு வேலை என்று கடிதம் வந்தது. அவர் வைத்துவிட்டுப் போன சுண்ணாம்பு டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். என் கதை அவ்வளவுதான். அதைச் சொல்வதற்காக நான் உட்காரவில்லை. கோச் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த அன்று ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். ஆபீஸ் கிளார்க், லைப்ரரி அம்மா, வாட்ச்மேன் என்று ஒருவர் பாக்கியில்லை. நான் அழவில்லை என்பது அவர்களுக்குப் பெரிய குறை. "பாவம், மரத்துப் போயிட்டாங்க" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மரத்துத்தான் போயிருந்தேன், அதில் பொய்யில்லை. ஆனால் அதைப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டுமா? கோச் சார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றையும் இரண்டு முளைக்குச்சியையும் கொண்டுவந்து கொடுத்தார். "வடக்கால இருக்கிற கோல் போஸ்டுல இருந்து ஆரம்பிங்க" என்றார். போய்விட்டார்.

ஆரம்பித்தேன். கயிறு பாதியில் தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கக்கோடு கொடிக்கம்பம் வரை நேராக வந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து எங்கேயோ போய்விட்டது. சாயங்காலம் பையன்கள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்போதும் வெட்கமோ கோபமோ வரவில்லை. யாரோ போட்ட கோடு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாங்கடா சிரிப்பு? கோடு எங்க கீதோ அதான் கிரவுண்டு. வெளையாடுங்க" என்றார் கோச் சார்.

அந்த வாரம் முழுவதும் அந்தக் கோணல் கோட்டிலேயே ஆடவைத்தார். பந்து வளைவுக்கு வெளியே போனால் த்ரோ, உள்ளே இருந்தால் ஆட்டம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை நானே கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இதே கல்லூரியில் படித்து, இதே மைதானத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். ஒல்லியான, கறுத்த உடம்பு. உட்கார்ந்து எழுந்தால் இடது முழங்கால் சொடக்குப் போடுகிற மாதிரி சத்தம் கொடுக்கும். பந்துகளை வலைப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ம், காத்து கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பையன்கள் கோலைக் கோட்டைவிட்டால் "சரி, அடுத்து" என்பார். கோல் அடித்தாலும் அதே "சரி, அடுத்து" தான். அவர் ஒரு கோலுக்குக் கை தட்டி நான் பார்த்ததில்லை. என்ன மனுஷன் இவர், மூஞ்சியில் ஒரு சிரிப்பு கிடையாதே என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மனசு மரத்துப்போன எனக்கே எரிச்சல் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு ஜாதி. பர்மனென்ட், கான்ட்ராக்ட். பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி அதுதான். கோச் சார் கான்ட்ராக்ட். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருக்கு ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருஷத்துக்கு நீடிக்கலாம் என்று. அது வருகிற வரைக்கும் மனுஷன் ஆபீஸ் பக்கமே போகமாட்டார். பர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். அது இல்லாததால் அவர் மனைவியும் மகளும் பண்ருட்டியில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். அந்தம்மா அங்கே முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் வேலை பார்த்தார். இவர் விளையாட்டுச் சாமான் வைக்கிற பி.டி. ரூமிலேயே பாய் விரித்துக் கிடந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப்போய் திங்கட்கிழமை காலையில் வருவார். "பாப்பா எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால், "ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் ஒசந்துகினு வருது" என்பார். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறவருக்குப் பிள்ளை வளர்வது கண்ணுக்குத் தெரியும். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இனி சங்கு.

ஜெனரல் ஷிப்ட் முடிகிற ஐந்து மணிக்கு நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து சங்கு ஊதும். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது காதிலேயே விழாது. கோச் சாருக்கு விழும். ஊத ஆரம்பித்ததும் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். அவரும் நிற்பார், மைன்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அரை நிமிஷத்துக்கு மேலேயே ஊதும். ஓய்ந்ததும் "போங்க" என்பார். அன்றைய பயிற்சி முடிந்தது.

ஏன் எதற்கு என்று அவர் சொன்னதில்லை. சீனியர் பையன்கள் நின்றார்கள், அதைப் பார்த்து ஜூனியர்கள் நின்றார்கள். முகத்தைத் திருப்பச் சொல்லி அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் திரும்புகிறாரே என்று பையன்களும் திரும்பினார்கள். வேடிக்கை பார்க்க வருகிற லெக்சரர்களுக்கு ஒரே கிண்டல். "என்ன மார்க்கரம்மா, உங்க கோச் தேசிய கீதம் மாதிரி நிக்க வைக்கிறார்?" என்று கேட்பார்கள். எனக்கு என்ன தெரியும்? நானும் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், எல்லோரும் நிற்கிற நேரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோலுக்குள் அடித்துவிட்டுக் கையைத் தூக்கிக் குதித்தான். விளையாட்டுக்குத்தான். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கோச் சார் திட்டவில்லை. சங்கு ஓய்ந்ததும் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துத் துடைத்தார், பையில் போட்டார், ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் பயிற்சியே கிடையாது. அந்தப் பையன் கதவுக்கு வெளியே நின்று, "சார், அடிச்சாலும் பரவாயில்ல, வெளிய வாங்க சார்" என்று கெஞ்சினான். நாலாம் நாள் எதுவும் நடக்காத மாதிரி பந்துப்பையோடு வந்தார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இன்னொருநாள் டவுன்ஷிப்பில் ஸ்டிரைக். சங்கு ஊதவில்லை. ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. பையன்கள் நாக்குத் தள்ள ஓடுகிறார்கள். "சார், டைம் ஆச்சு சார்." "இன்னும் ஊதல இல்ல? ஓடுங்க." பொழுது இறங்கி, போட்ட கோடே மங்கலாகிவிட்டது. அவர் மைன்ஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கிட்டே போய்ச் சொன்னேன்.

"சார், இன்னிக்கு ஸ்டிரைக்கு. அதான் ஊதல. காலையில இருந்து யாரும் மைன்ஸுக்கு உள்ளயே போவல."

"யாருமே போவலியா?"

"ஒருத்தரும் போவல சார்."

"அப்ப சரி" என்றார். மூச்சை விட்டார். "போங்கடா, போய் தண்ணி குடிங்க."

விஷயம் தெரிந்தது ஆயுத பூஜை அன்று. பி.டி. ரூமை ஒட்டடை அடித்து, பந்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு காலண்டர். அதைக் கழற்றினால் பின்னால் ஒரு பழைய போட்டோ. ஆணி அடித்து மாட்டிய போட்டோவை மறைத்துக் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார். கல்லூரி டீம், நடுவில் கப். கப்பைப் பிடித்திருந்த மெலிந்த பையனைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லோரும் பல் தெரியச் சிரிக்க, அவன் மட்டும் கப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நீங்கதான சார்?"

"ஆமா." பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "ஃபைனலு. கடைசி நிமிஷம் வரைக்கும் ரெண்டு பக்கமும் கோலே இல்ல. அப்போ மைன்ஸ் சங்கு ஊதுச்சு. நேரத்துக்கு ஊதுறது இல்ல, ஆக்சிடென்ட்டுக்கு ஊதுறது. நேரங்கெட்ட நேரத்துல, நிக்காம ஊதுச்சு. வேடிக்க பாக்க வந்த சனமெல்லாம் எழுந்து ஓடுது. எதிர் டீமு கீப்பர் இந்த டவுன்ஷிப் பையன். அவங்க அப்பா மைன்ஸுல. அவன் சங்கு சத்தம் வந்த பக்கம் திரும்பிட்டான். பந்து என் கால்ல இருந்துச்சு."

நான் கையில் குங்குமத்தோடு நின்றேன்.

"அடிச்சிட்டேன். ரெஃப்ரி விசில் அடிக்கல இல்ல, அதனால கோல்னு குடுத்துட்டாங்க. பசங்க என்னைத் தூக்கிகினு சுத்துறாங்க. அவன் கிளவுஸ கூட கழட்டாம கேட்டுப் பக்கம் ஓடுறான். நான் மேல இருந்து பாத்துகினு இருக்கேன்."

"அவங்க அப்பா?"

"இல்ல" என்றார். பொரியை ஒரு தட்டில் கொட்டி வாழைப்பழத்தை எடுத்து வைத்தார். "கருணை அடிப்படையில அவனுக்கே அந்த வேலைய குடுத்தாங்க. இப்பவும் ஜெனரல் ஷிப்ட்டுதான் வர்றான். அஞ்சு மணி சங்கு ஊதுனா அவன் முழுசா வெளிய வந்துட்டான்னு அர்த்தம்."

கருணை அடிப்படையில். அந்தச் சொல் என்மேல் பட்டது, ஆனால் வலிக்கவில்லை. நான் காலண்டரைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினேன். "சார், சாமி கும்பிடலாமா?" என்று கேட்டேன். கும்பிட்டோம். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பேசவே இல்லை.

அடுத்த வருஷம் எங்கள் டீம் மண்டல ஃபைனலுக்கு வந்துவிட்டது. எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். எதிரில் பண்ருட்டிப் பக்கத்து டீம் ஒன்று. பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அறைக்கு வெளியே நான் ஃபைலோடு நின்றிருந்ததால் என் காதிலேயே விழுந்தது. "இந்த முறை கப் வந்துட்டா நிர்வாகத்துல எனக்குப் பேச வாய் இருக்கும். உங்களைப் பர்மனென்ட் பண்ணிடலாம். வரலைன்னா, ஜூன்ல புது ஆளைப் போடணும்னு அவங்க ஏற்கெனவே சொல்லிகிட்டு இருக்காங்க. புரியுதா?" கோச் சார் புரிகிறது என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம், புதன்கிழமையாக இருந்தும், பண்ருட்டிக்குப் போய்வந்தார்.

ஆட்டத்தை மூன்று மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் எழுதிக்கொடுத்தார். மூன்றுக்கு ஆரம்பித்தால் இடைவேளையோடு சேர்த்து ஐந்துக்குள் முடிந்துவிடும். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். அன்று விடியற்காலையிலேயே போய் கோடு போட்டேன். காற்றில் வருகிற நிலக்கரித் தூசியில் மத்தியானத்துக்குள் வெள்ளை மங்கிவிடும் என்று இரண்டாவது முறையும் போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு நேரான கோடு போட்டதில்லை.

சிறப்பு விருந்தினர் என்று ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்லாயிருப்பார், பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். அவருக்குப் பொன்னாடை, அவர் கூட வந்தவருக்குப் பொன்னாடை, அப்புறம் இருபத்திரண்டு பேருக்கும் கைகுலுக்கல். கோச் சார் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் அந்த விருந்தினரைப் போட்டு வறுத்தெடுத்தேன்.

இடைவேளையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"சார், ஆட்டம் முடியறதுக்கும் சங்குக்கும் சரியா இருக்கும். இன்னிக்கு ஒரு நாளைக்கு நிக்க வேணாம்னு புள்ளைங்க கிட்ட சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சொல்லணும் இல்ல?" என்றார்.

"பாப்பாவ நெனச்சிக்கங்க சார்."

பையன்களைக் கூட்டி நடுவில் நின்றார். குரலை உயர்த்தித்தான் சொன்னார். "இன்னிக்கு சங்கு ஊதுனா யாரும் நிக்காதீங்க. ஓடிகினே இருங்க. காதுல விழுந்துதா?" பதினொரு பேரும் "சரி சார்" என்றார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது.

இரண்டாம் பாதி எங்களுடையதுதான். ஒரு பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை அவர்கள் கீப்பர் விரல் நுனியில் தட்டிவிட்டான். கடைசி ஓரிரு நிமிஷம். பந்து எங்கள் கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டாப்பர் பேக் பையன் காலில். பண்ருட்டிப் பையன் ஒருவன் அவனை நெருங்கிக்கொண்டிருந்தான். அப்போது சங்கு ஊதியது.

எங்கள் ஸ்டாப்பர் பேக் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நின்றான். கீப்பர் மைன்ஸ் பக்கம் திரும்பினான். மற்றவர்களும் அங்கங்கே நின்றார்கள். அந்தப் பண்ருட்டிப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நொடி தயங்கினான். அப்புறம் காலுக்கடியில் இருந்த பந்தைப் பிடுங்கி எடுத்துப்போய் வலைக்குள் போட்டான். கீப்பர் பந்தைப் பார்க்கவே இல்லை. சங்கு பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. நானாவது கத்தியிருக்கலாம். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

ரெஃப்ரி கோலுக்கு விசில் அடித்தார். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிகிற விசிலும் அடித்தார். பிரின்சிபால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கூட்டத்தில் யாரோ, "காசு வாங்கிட்டு நின்னுட்டானுங்கடா" என்று கத்தினார்கள். ஸ்டாப்பர் பேக் கோச் சாரிடம் வந்தான். ஆறடி உயரப் பையன், சின்னப் பிள்ளை மாதிரி நின்றான்.

"நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருந்துச்சு சார். ஓடத்தான் போனேன். நிமிந்து உங்களப் பாத்தேன். நீங்க நின்னுட்டீங்க சார். அதான் நானும்..."

கோச் சார் நின்றுதான் இருந்தார். நானும் பார்த்தேன். ஓடச் சொன்னவர், கோட்டுக்கு வெளியே, முகத்தை மைன்ஸ் பக்கம் திருப்பிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நின்றிருந்தார். சொல்வதற்கு அவரால் முடிந்தது, செய்வதற்கு முடியவில்லை. பையன்கள் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொண்டது அவர் சொன்னதிலிருந்து இல்லையே.

"உன் மேல தப்பு இல்லடா" என்று அவன் தோளில் கை வைத்தார். "போயி மூஞ்சி கழுவு."

அப்புறம் மைதானத்துக்கு நடுவே நடந்து எதிர் டீம் இருக்கிற பக்கம் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். கோல் அடித்த பையனை நண்பர்கள் தோளில் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் போய் நின்றதும் இறக்கிவிட்டார்கள். இருபது வயதுகூட இருக்காது. சிரிப்பு பாதியில் நின்றுபோய், அடிவாங்கத் தயாராகிற மாதிரி ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

"தம்பி, பயப்படாத" என்றார் கோச் சார். "இப்ப ஊதுச்சு பாரு, அது அஞ்சு மணி சங்கு. தினம் ஊதுறதுதான். ஆக்சிடென்ட் சங்கு இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆவல. எங்க கீப்பர் அப்பா வூட்லதான் கீறாரு, நான் மத்தியானம் போன் பண்ணிக் கேட்டுகினேன். விசில் அடிக்கல, நீ அடிச்சது நல்ல கோலு. கப்ப நல்லா நிமிந்து நின்னு புடிச்சிக்க. வூட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கு."

"சரிங்க சார்" என்றான் அவன். அவன் வேறு என்ன சொல்வான்?

அவர் திரும்பி நடந்தார். முழங்கால் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். "அக்கா, அவரு என்னா சொல்லிட்டுப் போறாரு? யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலப்பா. நீ போ, போட்டோ எடுக்கக் கூப்புடுறாங்க."

ஜூனில் அவருக்குக் கடிதம் வரவில்லை. பண்ருட்டியில் ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. அப்படியானால் பாப்பாவைத் தினம் பார்ப்பார். இங்கே புது கோச் வந்தார், நல்ல பையன். ஐந்து மணிக்குச் சங்கு ஊதும்போது பந்து உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

அந்த ஃபைனல் அன்று எல்லோரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் மைதானத்தில் இருந்தோம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நெட்ட அவுத்துடலாமா மார்க்கரம்மா?" என்றார். அவிழ்த்தோம். அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் ஒரு முனையைப் பிடித்து மடித்தோம். அவர் பக்கம் வலை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்து முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.